ஒரு மில்லி ரத்தம் சொல்லும் சேதி: பச்சிளங்குழந்தையின் தொற்றை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?



போன செமஸ்டர் தேர்வு நேரம். அக்காவுக்குக் குழந்தை பிறந்து அஞ்சாவது நாள். காலையில இருந்து பிள்ளை பால் குடிக்கல. அழுகையும் இல்ல, சும்மா கண்ணை மூடிக்கிட்டே கிடந்தான். "நல்லாத் தூங்குதான், எழுப்பாதிய"ன்னு ஆச்சி சொன்னாங்க. மத்தியானம் கால் சில்லிட்டதும் அத்தான் ஆட்டோ பிடிச்சிட்டாரு. ஆஸ்பத்திரியில குழந்தையைப் பார்த்த டாக்டரம்மா உடனே ரத்தம் எடுத்து அனுப்பினாங்க. ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே ஆன்டிபயாட்டிக் ஊசியும் போட ஆரம்பிச்சிட்டாங்க.

சாயங்காலம் ரிசல்ட் வந்தது. சி.ஆர்.பி. அளவு 4. பக்கத்திலேயே "10க்குக் கீழ் இருந்தால் இயல்பு" என்று அச்சடிச்சிருந்தது. பொறியியல் மாணவன் ஆச்சே, நான் சும்மா இருப்பேனா? "மேடம், நார்மல்தானே, அப்புறம் எதுக்கு ஊசி?"ன்னு கேட்டுட்டேன். "தம்பி, நாளைக்கு இன்னொரு தடவ பாத்துட்டுப் பேசுவோம்" என்று மட்டும் சொன்னாங்க.

மறுநாள் சி.ஆர்.பி. 38. அதுக்கு அடுத்த நாள் பிளட் கல்ச்சரில் கிருமி வளர்ந்தது. முதல் ரிசல்ட்டை மட்டும் நம்பி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா? அந்தக் கேள்வி தேர்வு முடிஞ்ச பிறகும் என்னை விடல. 4 எப்படி ஒரே நாளில் 38 ஆனது? முதல் நாள் டெஸ்ட் பொய் சொன்னதா? அதைத் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை. நாம் சிக்னல், சென்சார், நிகழ்தகவு எல்லாம் படிக்கிறோம். அந்த மூன்றும் ஒரே இடத்தில், ஒரு உயிர் பணயத்தில் இருக்கும்போது எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம், வாங்க.

செப்சிஸ் என்றால் என்ன?

கிருமி ரத்தத்தில் கலந்து, அதை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு தன் உறுப்புகளையே பாதித்துக்கொள்ளும் நிலைதான் செப்சிஸ். பிறந்து 28 நாளுக்குள் வந்தால் அது பச்சிளங்குழந்தை செப்சிஸ். முதல் 72 மணி நேரத்துக்குள் வருவதை முன்வரும் தொற்று என்பார்கள். பெரும்பாலும் தாயிடமிருந்து, பிரசவ நேரத்தில் வருவது. அதற்குப் பிறகு வருவது பின்வரும் தொற்று. வார்டு, வீடு, கை, குழாய், ஊசி என்று வெளியிலிருந்து வருவது.

பெரியவங்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் அடிக்கும், குளிர் நடுங்கும், "முடியல"ன்னு வாய்விட்டுச் சொல்வாங்க. பச்சிளங்குழந்தையிடம் அது எதுவும் கிடையாது. பால் குடிக்காது, சோர்ந்து கிடக்கும், மூச்சு வேகமாகும், உடம்பு சுடும் அல்லது சில்லிடும். இதே அறிகுறிகள் ரத்தத்தில் சர்க்கரை குறைந்தாலும் வரும், குளிர் தாக்கினாலும் வரும், இதயக் கோளாறிலும் வரும். நம்ம பாஷையில் சொன்னால், சிக்னலைவிட இரைச்சல் அதிகம்.

இது அரிதான நோயும் இல்லை. டெல்லியில் 3 பெரிய மருத்துவமனைகள் சேர்ந்து 2011 முதல் 2014 வரை நடத்திய ஆய்வில், தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த 13,530 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 14.3% பேருக்கு செப்சிஸ். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு முதல் 72 மணி நேரத்துக்குள்ளேயே வந்தது. ஆய்வு 2016இல் வெளியானது.

கல்ச்சர்: தங்கத் தரம்தான், ஆனால்...

கிருமி இருக்கிறதா என்று தெரிய நேரடி வழி, ரத்தத்தை ஊட்டச்சத்து நீர் உள்ள பாட்டிலில் விட்டு வளர்த்துப் பார்ப்பது. கிருமி வளர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். பாட்டிலை வைத்திருக்கும் இயந்திரத்தின் சென்சார் அதைக் கண்டுபிடித்து அலாரம் கொடுக்கும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்பதையும் அடுத்து சோதித்துச் சொல்லலாம். வேறு எந்த ரத்தப் பரிசோதனையும் இதைச் சொல்லாது.

சிக்கல் இரண்டு. முதலாவது நேரம். பெரும்பாலான கிருமிகள் தெரியவே 24 முதல் 36 மணி நேரம் ஆகும். செப்சிஸ் அதுவரை காத்திருக்காது.

இரண்டாவது, ரத்தத்தின் அளவு. இங்கே ஒரு சின்னக் கணக்கு போடுவோம். குழந்தையின் உடம்பில் ஒரு கிலோ எடைக்குச் சுமார் 80 மில்லி ரத்தம். 2.5 கிலோ பிள்ளைக்கு மொத்தமே 200 மில்லி, ஒரு டம்ளர் அளவு. பெரியவர் உடம்பில் 5 லிட்டர் என்று வைத்தால், இந்தப் பிள்ளையிடம் 1 மில்லி எடுப்பது நம்மிடம் 25 மில்லி எடுப்பதற்குச் சமம். அதனால் கொஞ்சமாகத்தான் எடுக்க முடியும்.

கொஞ்சமாக எடுத்தால் என்ன ஆகும்? மில்லிக்குச் சராசரியாக ஒரே ஒரு கிருமிதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் செமஸ்டரில் படித்த பாய்சான் பரவல் ஞாபகம் இருக்கா?

குறைந்தது ஒரு கிருமியாவது சிக்கும் வாய்ப்பு = 1 − 2.718^(−எடுத்த மில்லி × மில்லிக்குக் கிருமி)

அரை மில்லி எடுத்தால் 39%. ஒரு மில்லி எடுத்தால் 63%. இரண்டு மில்லி எடுத்தால் 86%. அதாவது உண்மையிலேயே தொற்று உள்ள குழந்தையிடம் அரை மில்லி மட்டும் எடுத்தால், பத்தில் ஆறு தடவை அந்த ரத்தத்தில் கிருமியே இருக்காது. இயந்திரத்தின் மேல் தப்பு இல்லை. கிருமி பாட்டிலுக்குள் போகவே இல்லை. குறைந்தது 1 மில்லியாவது எடுக்கணும் என்று மருத்துவ வழிகாட்டிகள் வற்புறுத்துவது இதனால்தான். முதல் ஊசிக்கு முன்னாடியே கல்ச்சர் எடுப்பதற்கும் காரணம் உண்டு. மருந்து போன பிறகு பாட்டிலில் கிருமி வளர்வது கஷ்டம்.

கிருமியைத் தேடாமல், அது கிளப்பிய கலவரத்தைத் தேடுவது

கிருமி கண்ணில் சிக்கவில்லை என்றால், அது வந்ததற்கு உடம்பு காட்டும் எதிர்வினையைப் பிடிக்கலாம். அந்த எதிர்வினைப் பொருள்களைத்தான் உயிரிக் குறிகாட்டிகள் என்கிறோம். இதைப் புரிந்துகொள்ள நம்ம தாமிரபரணியைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கல.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்ம ஊர்க்காரங்க மறக்க முடியாது. வெள்ளம் வருதா என்று தெரிய மூன்று இடம் பார்க்கலாம். ஒன்று, மேலே பொதிகை மலையில் பெய்யும் மழை. இரண்டு, பாபநாசம் அணையின் நீர்மட்டம். மூன்று, ஊருக்குள் குறுக்குத்துறை முருகன் கோயில் மண்டபம். மண்டபம் முங்கிட்டா வெள்ளம் உறுதி. ஆனால் மலையில் பேய்மழை கொட்டும் அந்த மணியில் குறுக்குத்துறையில் போய் நின்றால், தண்ணி கணுக்கால் அளவுதான் ஓடும். "ஆத்துல ஒண்ணும் இல்லய்யா"ன்னு வீட்டுக்கு வந்துடலாம். சில மணி நேரம் கழிச்சுத்தான் தெரியும்.

ரத்தக் குறிகாட்டிகளும் இப்படித்தான் அடுத்தடுத்து வரும்.

மலை மழை போன்றது இன்டர்லூகின்-6. கிருமியைக் கண்ட நோயெதிர்ப்புச் செல்கள் அனுப்பும் முதல் தந்தி. மிகச் சீக்கிரம் ஏறும். ஆனால் ஒரு நாளுக்குள் இறங்கியும் விடும். லேட்டாகப் பார்த்தால் மழை விட்டிருக்கும், ஏமாந்துவிடுவோம்.

அணை மட்டம் போன்றது புரோகால்சிட்டோனின். பாக்டீரியா தொற்றில் இது ஏறும் என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1993இல் எடுத்துக்காட்டினார்கள். 3, 4 மணி நேரத்தில் ஏறத் தொடங்கும். சுமார் ஒரு நாள் உயர்ந்தே நிற்கும்.

குறுக்குத்துறை மண்டபம் போன்றது சி.ஆர்.பி., அதாவது சி-ரியாக்டிவ் புரதம். 1930இல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடித்தது. இன்டர்லூகின்-6 அனுப்பிய தந்தி கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்து, கல்லீரல் புரதத்தைத் தயாரித்து, அது ரத்தத்தில் சேர வேண்டும். அதனால் ஏறத் தொடங்கவே 6 முதல் 12 மணி நேரம் ஆகும். உச்சம் 24 முதல் 48 மணி நேரத்தில்.

இப்போ புரியுதா, முதல் நாள் 4 ஏன் வந்தது என்று? டெஸ்ட் பொய் சொல்லல. நான் மலையில் மழை பெய்யும் நேரத்தில் குறுக்குத்துறையில் போய் நின்றிருக்கேன். அவ்வளவுதான்.

இறங்குவதற்கும் ஒரு கணக்கு உண்டு. சி.ஆர்.பி.யின் அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம். கல்லீரல் தயாரிப்பை முழுக்க நிறுத்திவிட்டால், 80 என்ற அளவு 19 மணி நேரத்தில் 40, 38 மணி நேரத்தில் 20, 57 மணி நேரத்தில் 10. நம்ம ஆய்வகத்தில் மின்தேக்கி மின்னிறக்கம் ஆகும் அதே வளைகோடு. மருந்து போட்டும் இப்படி இறங்காமல் அப்படியே நின்றால், தயாரிப்பு இன்னும் நடக்கிறது என்று பொருள். மருந்து பிடிக்கலையா, வேறு எங்காவது தொற்று ஒளிஞ்சிருக்கா என்று டாக்டர்கள் தேடுவார்கள்.

அளப்பதும் எளிமையான இயற்பியல்தான். சி.ஆர்.பி.யைப் பிடிக்கும் எதிர்ப்புரதம் பூசிய மிக நுண்ணிய லேட்டக்ஸ் மணிகளை ரத்தநீரில் கலப்பார்கள். சி.ஆர்.பி. இருந்தால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கலங்கும். கலங்கல் எவ்வளவு ஒளியைத் தடுக்கிறது என்று அளந்தால் அளவு வந்துவிடும்.

ஐந்துக்கு இரண்டு: நம்ம நாட்டு செப்சிஸ் ஸ்கிரீன்

புரோகால்சிட்டோனின், இன்டர்லூகின் எல்லாம் எல்லா ஊர் ஆய்வகத்திலும் கிடைக்காது, செலவும் கூடுதல். அதனால் இந்தியாவில் பல ஆண்டுகளாகப் பழக்கத்தில் இருப்பது ஐந்து எளிய சோதனைகள் கொண்ட செப்சிஸ் ஸ்கிரீன்.

1. மொத்த வெள்ளணு எண்ணிக்கை: கன மில்லிமீட்டருக்கு 5,000க்குக் கீழே.
2. நியூட்ரோபில் எண்ணிக்கை: பிறந்து எத்தனை மணி நேரம் என்பதற்கு ஏற்ற அட்டவணையில் குறைவு. மன்ரோ குழுவினர் 1979இல் வெளியிட்ட வரைபடம் இதற்குப் புகழ்பெற்றது.
3. முதிராத நியூட்ரோபிலுக்கும் மொத்த நியூட்ரோபிலுக்கும் உள்ள விகிதம்: 0.2க்கு மேலே.
4. மைக்ரோ இ.எஸ்.ஆர்.: முதல் மணி நேரத்தில் 15 மில்லிமீட்டருக்கு மேலே.
5. சி.ஆர்.பி.: லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேலே.

இரண்டு அல்லது அதற்கு மேல் மாறியிருந்தால் ஸ்கிரீன் பாசிட்டிவ்.

மூன்றாவதைக் கொஞ்சம் கவனியுங்கள். எலும்பு மஜ்ஜையில் பயிற்சி முடித்த நியூட்ரோபில்கள்தான் வழக்கமாக ரத்தத்துக்கு வரும். சண்டை முற்றி ஆள் பத்தாமல் போனால், பயிற்சி முடியாதவர்களையும் மஜ்ஜை களத்தில் இறக்கிவிடும். மைக்ரோஸ்கோப்பில் அவர்களின் உட்கரு வளைந்த பட்டை மாதிரி தெரியும். ஐந்தில் ஒருவருக்கு மேல் அப்படி இருந்தால் உள்ளே ஏதோ நடக்குது என்று பொருள். இதற்கு விலை உயர்ந்த கருவி வேண்டாம். ஒரு கண்ணாடித் தகடு, சாயம், பொறுமையுள்ள ஒரு லேப் டெக்னீஷியன் போதும்.

நான்காவது இன்னும் எளிது. குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏற்றி, செங்குத்தாக நிறுத்தி, ஒரு மணி நேரம் கழித்து எவ்வளவு படிந்தது என்று ஸ்கேலால் அளப்பது.

1000 குழந்தைகள், ஒரு டெஸ்ட்

"சரி, இவ்வளவு இருக்கே, டெஸ்ட்டை நம்பி முடிவெடுக்கலாமா?" இதுதான் கட்டுரையின் முக்கியமான பகுதி. பொறுமையா படிங்க.

2019இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, பின்வரும் தொற்றைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு சி.ஆர்.பி. எவ்வளவு உதவும் என்று 20 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. கிடைத்தது: சென்சிட்டிவிட்டி 62%, ஸ்பெசிஃபிசிட்டி 74%. அதாவது தொற்று உள்ள 100 பேரில் 62 பேரைப் பிடிக்கும். தொற்று இல்லாத 100 பேரில் 74 பேரைச் சரியாக விட்டுவிடும்.

சந்தேகத்தின் பேரில் வந்த 1000 குழந்தைகளில் 200 பேருக்கு உண்மையில் தொற்று என்று வைப்போம்.

தொற்று உள்ள 200இல்: டெஸ்ட் பிடித்தது 124, தவறவிட்டது 76.
தொற்று இல்லாத 800இல்: சரியாக விட்டது 592, வீணாகப் பயமுறுத்தியது 208.

இப்போ ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். பாசிட்டிவ் வந்தவர்கள் 124 + 208 = 332. அவர்களில் உண்மைத் தொற்று 124, வெறும் 37%. நெகட்டிவ் வந்தவர்கள் 592 + 76 = 668. அவர்களில் 76 பேருக்குத் தொற்று இருக்கு. ஏறத்தாழ ஒன்பதில் ஒருவர்.

நான் அன்றைக்குக் கையில் வைத்துக்கொண்டு வாதாடின "நார்மல்" ரிப்போர்ட்டின் மதிப்பு அவ்வளவுதான். ஒன்பதில் ஒரு வாய்ப்பை நம்பிப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவீங்களா?

சரி, அப்புறம் எதுக்கு இந்த டெஸ்ட்? தனியாகப் பார்த்தால் பலம் குறைவு. மீண்டும் பார்த்தால், மற்ற தகவலோடு சேர்த்துப் பார்த்தால் பலம் கூடும். 1998இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, சந்தேகம் எழுந்து 8 மணி நேரத்துக்குப் பிறகு, 24 மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு சி.ஆர்.பி.யும் 10க்குக் கீழ் இருந்தால் தொற்று இல்லை என்பது ஏறத்தாழ 99% சரி என்று காட்டியது. அதாவது சி.ஆர்.பி.யின் உண்மையான வேலை "தொற்று இருக்கு" என்று சொல்வது இல்லை. "இரண்டு நாள் பார்த்தாச்சு, இல்லை, ஊசியை நிறுத்தலாம்" என்று சொல்வது.

பேயஸ் தேற்றம் சொல்வதும் இதுதான். டெஸ்ட்டுக்கு முன்னால் இருந்த சந்தேகத்தை டெஸ்ட் கூட்டும் அல்லது குறைக்கும், அழிக்காது. அந்த முதல் சந்தேகத்தைத் தருவது பிள்ளையைத் தொட்டுப் பார்க்கும் டாக்டர், நர்ஸ், தாய். பனிக்குடம் உடைந்து எவ்வளவு நேரம் ஆச்சு, தாய்க்குக் காய்ச்சல் இருந்ததா, பிள்ளை குறைமாதமா என்ற கேள்விகளும் அதில் சேரும்.

முதல் இரண்டு நாள் கண்ணி

இன்னொரு விஷயம். பிறந்த முதல் 48 மணி நேரத்தில் எந்தத் தொற்றும் இல்லாத குழந்தைக்கும் புரோகால்சிட்டோனின் தானாகவே ஏறி இறங்கும். சுமார் 24 மணி நேரத்தில் உச்சம். பெரியவர்களுக்கான அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஆரோக்கியமான பிள்ளைக்கும் தொற்று என்று முடிவு கட்டிவிடுவோம். அதனால் வயதை மணிக்கணக்கில் போட்டு, அந்தந்த மணிக்குரிய வரம்போடு ஒப்பிட வேண்டும். சி.ஆர்.பி.யும் நீண்ட பிரசவ வலி, குழந்தை மலம் கலந்த நீரை மூச்சில் இழுத்தது போன்ற காரணங்களால் ஏறலாம். வரம்பு என்பது ஒரு நிலையான எண் அல்ல, நேரத்தைப் பொறுத்த சார்பு.

அந்த மணிக்கணக்கு வரம்பைச் சரியாகப் பயன்படுத்தினால் பலன் உண்டு. நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து, கனடா, செக் குடியரசு நாடுகளின் 18 மருத்துவமனைகளில் 1,710 குழந்தைகளிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், புரோகால்சிட்டோனினைப் பார்த்து மருந்தை நிறுத்தியபோது ஆன்டிபயாட்டிக் நேரம் சராசரி 65 மணியிலிருந்து 55 மணியாகக் குறைந்தது.

10 மணி நேரம் பெரிய விஷயமா? ஆமா. தேவையில்லாத ஒவ்வொரு ஊசியும் வார்டில் மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்க்கும். மேலே சொன்ன டெல்லி ஆய்வில் அதிகம் கிடைத்த கிருமி அசினிட்டோபாக்டர். அதில் 82% பல மருந்துகளுக்கு அடங்காதது. ஊசியைத் தாமதிச்சாலும் ஆபத்து, தேவைக்கு மேல் நீட்டினாலும் ஆபத்து. நடுவில் அந்த ஒரு மில்லி ரத்தம்.

நமக்கு இதில் என்ன வேலை?

நிறைய இருக்கு. அமெரிக்காவில் செப்சிஸ் வரும் முன் குழந்தையின் இதயத் துடிப்பில் இயல்பான ஏற்ற இறக்கம் குறைவதைக் கவனித்தார்கள். மானிட்டரில் ஏற்கெனவே ஓடும் அந்த சிக்னலை மென்பொருள் மூலம் ஆராய்ந்து ஓர் எண்ணாக மருத்துவர்களுக்குக் காட்டினார்கள். மிகக் குறைந்த எடையுள்ள 3,003 குழந்தைகளிடம் நடந்த சோதனை 2011இல் வெளியானது. இறப்பு 10.2%இலிருந்து 8.1%ஆகக் குறைந்தது. ஒரு சொட்டு ரத்தம் எடுக்காமல்!

மறுபக்கம், மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் தம்பதியர் ஆய்வகமே இல்லாத கிராமங்களில் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, அறிகுறியை மட்டும் வைத்துத் தொற்றைக் கண்டுபிடித்து வீட்டிலேயே சிகிச்சை தர வைத்தார்கள். குளிர் தாக்காமல் காப்பது, தாய்ப்பால் பழக்குவது எல்லாமும் அதில் அடக்கம். 1999இல் வெளியான முடிவு: மூன்றாம் ஆண்டில் பச்சிளங்குழந்தை இறப்பு 62% குறைவு. கருவி இல்லாட்டியும் கவனம் இருந்தால் உயிர் பிழைக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம்ம வேலை. காரையாறு காணிக் குடியிருப்பில் பிறந்த பிள்ளையை நினைச்சுப் பாருங்க. 1965இல் தொடங்கிய நெல்லை மருத்துவக் கல்லூரியின் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு வர, மலையிறங்கி அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி தாண்டி வரணும். ஒரே ஒரு சொட்டில் சி.ஆர்.பி. அளக்கும் கருவி, நம்ம ஊர் வெயிலைத் தாங்கும் சோதனைப் பட்டை, மணிக்கணக்கு வரம்பைத் தானே போட்டுப் பார்க்கும் சின்ன செயலி, இரண்டு அளவுகளின் சரிவைக் காட்டும் வரைபடம். இறுதியாண்டு பிராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுறவங்க யோசிங்க. ஆனால் ஒண்ணு: "எங்க கருவி 95% துல்லியம்" என்று போஸ்டர் ஒட்டுறதுக்கு முன்னாடி, 1000 குழந்தைகள் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்க.

கடைசியா, வீட்டில் சொல்ல வேண்டியது

பிறந்து 28 நாளுக்குள் உள்ள பிள்ளை பால் குடிக்காமல் இருந்தாலோ, தொட்டு எழுப்பினாலும் அசைவு குறைவாக இருந்தாலோ, மூச்சு நிமிஷத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, மூச்சு விடும்போது நெஞ்சு பலமாக உள்வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, உடம்பு வெப்பம் 38 டிகிரியைத் தொட்டாலோ, 35.5க்குக் கீழே போனாலோ, உடனே ஆஸ்பத்திரி. "சீர் தட்டிருக்கு", "செவ்வாப்பு", "தொக்கம் எடுக்கணும்" என்று பெரியவங்க பாசத்தில் சொல்வாங்க. அவங்ககிட்ட சண்டை வேண்டாம். "அதை வந்து பாத்துக்கலாம் ஆச்சி, முதல்ல டாக்டர்"னு சொல்லிக் கூட்டிட்டுப் போங்க. அரசு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைக்கான சிகிச்சையும் பரிசோதனையும் 2011இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தின் கீழ் இலவசம்.

இது படித்துத் தெரிந்துகொள்ள எழுதிய கட்டுரைதான். பிள்ளையைப் பார்க்காமல் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து முடிவு சொல்வது மாணவனின் வேலை இல்லை. அதை நான் ஒரு தடவை செய்து கற்றுக்கொண்டேன்.

மருமகன் 14 நாள் ஊசிக்குப் பிறகு வீட்டுக்கு வந்துட்டான். இப்போ அவனுக்கு ஏழு மாசம். இந்தக் கட்டுரையை டைப் பண்ணும்போது மடியில் உட்கார்ந்து லேப்டாப் விசைப்பலகையைத் தட்டிக்கிட்டே இருந்தான். எங்கயாவது எழுத்துப்பிழை இருந்தா அவன் கணக்குல எழுதிக்கோங்க.